அறுநூறு என்று எழுதியிருந்த இடம்

போன மாதம் ஒரு மதியம், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. பண்ணைக்காட்டுக்குக் கீழே ஓடையோரம் இருக்கும் சின்ன மின் நிலையத்தில் நான் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன். அங்கே இப்போது வேலை பார்க்கும் இளம் என்ஜினீயர்தான் பேசினார். பழைய பதிவேடுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறாராம்.

"ஐயா, எண்பதுகள்ல ஒரு நாலு வருஷம் நம்ம உற்பத்தி ரொம்பக் கீழ கெடக்குங்க. அப்புறம் ஒரு ஆயுத பூஜை மாசத்துல திடீர்னு ரெண்டு மடங்காயிருது. புது மெஷின் போட்டாங்களா, இல்ல பெரிய மழையா?"

"ரெண்டும் இல்லீங்க தம்பி."

"பின்ன?"

"போன்ல சொல்ற கதை இல்ல. எழுதி அனுப்புறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஓய்வு பெற்றவனிடம் கேள்வி கேட்டால் இதுதான் ஆபத்து, பதில் பக்கம் பக்கமாக வரும்.

எனக்கு ஊர் ஆயக்குடி. வீட்டில் எல்லோருக்கும் கொய்யா வியாபாரம். நான் ஒருவன்தான் ஐ.டி.ஐ. படித்து, கொய்யாக் கூடைக்குத் தப்பி மின்சாரத்தில் போய் விழுந்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பெரிய நிலக்கரி நிலையத்தில் இரண்டு வருஷம் பயிற்சி. அந்த இரண்டு வருஷத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெள்ளைச் சட்டை எதுவும் மிஞ்சவில்லை, காது பாதி போனது. ஒன்று மட்டும் மனதில் நின்றது. நிலக்கரி அரைக்கவும் காற்றூதவும் தண்ணீர் ஏற்றவும் அந்த நிலையம் தான் உற்பத்தி செய்யும் மின்சாரத்தில் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கைத் தானே தின்றுவிடும். நின்றுபோனால் மறுபடி எழுந்திருக்க வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். அத்தனை பெரிய உடம்புக்கு அத்தனை உபசாரம்.

அங்கிருந்து என்னை மலைக்கு மாற்றினார்கள். ஓட்டுக் கட்டடம் ஒன்று, உள்ளே கரும்பச்சை பெயிண்ட் அடித்த இரண்டு மெஷின்கள். மேலே ஓடையை மறித்துக் கட்டிய ஒரு தொட்டி, ஃபோர்பே என்போம். அங்கிருந்து மலைச்சரிவில் ஒரே இரும்புக் குழாய். விழுகிற தண்ணீர் சக்கரத்தின் கிண்ணங்களில் அடிக்கும், சக்கரம் சுற்றும், அவ்வளவுதான் சமாசாரம். நான் விட்டுவந்த நிலையத்தில் ஒரு மெஷின் ஒரு நாளில் எடுக்கும் யூனிட்டை எடுக்க இங்கே இரண்டும் சேர்ந்து ஒரு வருஷம் உழைக்க வேண்டும். முதல் வாரம் எனக்கு அழுகையே வந்தது. ரயில் ஓட்டக் கற்றுக்கொண்டவனிடம் சைக்கிளைக் கொடுத்துவிட்டார்களே என்றிருந்தது.

ஃபோர்மேன் அருளப்பன் சார் நாயுடுபுரத்துக்காரர், மிஷன் பள்ளியில் படித்தவர். தலையில் கம்பளிக் குல்லாய், காதில் சீவிய பென்சில். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. யார் எந்த அளவைச் சொன்னாலும் ஒரே கேள்விதான் கேட்பார்.

"பாத்ததா, நெனச்சதா?"

நெனச்சது என்றால் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். பேரிங் சூட்டைக் கையால் தொட்டுவிட்டுச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார், தெர்மாமீட்டர் எண் வேண்டும். ஃபோர்பேயிலிருந்து போனில் தண்ணீர் மட்டம் சொன்னால், கேட்டவன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அங்கிருப்பவர் "சரி" என்ற பிறகுதான் பேனாவை எடுக்க வேண்டும். "பைபிளைக்கூட இவர் ரெண்டு தடவ படிச்சு ஒத்துப் பாத்துட்டுத்தான் ஆமென் சொல்லுவாரு" என்பான் என்னோடு ஷிஃப்ட் பார்த்த சின்னச்சாமி. நானும் சிரிப்பேன். ஆனால் இரண்டு வருஷத்தில் நானும் பென்சிலைக் காதில் சொருக ஆரம்பித்துவிட்டேன்.

இப்போது அந்தத் தப்புக்கு வருகிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை மழையில் இடி இறங்கி சி.டி. எரிந்துபோனது. தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. வெளியே போகும் மின்சாரம் முழுவதையும் மீட்டருக்குள் விட்டால் மீட்டர் சாம்பலாகிவிடும். அதனால் சி.டி. என்கிற கருவி அதை ஒரு கணக்காகச் சுருக்கிக் கொடுக்கும். மீட்டர் காட்டுவதை நாம் மறுபடி ஒரு எண்ணால் பெருக்கி நிஜ யூனிட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் நிலையத்தில் அந்த எண் அறுநூறு. மீட்டருக்குக் கீழே பேனலில் வெள்ளைப் பெயிண்டில் "× 600" என்று எழுதியிருக்கும்.

அருளப்பன் சார் மகள் கல்யாணத்துக்காக லீவில் இருந்தார். ஸ்டோரிலிருந்து வந்த புது சி.டி. பழையதைவிட இரண்டு மடங்கு பெரியது, அதாவது இரண்டு மடங்கு அதிகமாகச் சுருக்கும், அது ஒன்றுதான் கையிருப்பில் இருந்தது. நானே மாட்டினேன். ஆம்மீட்டரின் தட்டைப் பொருத்தமாக மாற்றினேன். கிலோவாட் மீட்டர் என்று ஒன்று இருந்தது, ஆனால் அது நான் வருவதற்கு முன்பே முள் உடைந்து அலங்காரமாக நின்றது. மூன்று மணி நேரத்தில் மெஷின் ஓடியது. எரிந்த சி.டி.யின் பித்தளைப் பெயர்த்தகட்டைக் கழற்றி, லாக் ஷீட் காற்றில் பறக்காமல் இருக்க மேஜைமேல் வைத்துக்கொண்டேன். எனக்கு நானே கொடுத்துக்கொண்ட மெடல். மீட்டருக்குக் கீழே இருந்த அறுநூறை ஆயிரத்து இருநூறாக மாற்றி எழுத வேண்டும், அதை மறந்துவிட்டேன்.

அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. உற்பத்தி குறைந்ததை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. அடுத்த வருஷமும் சுமார்தான். அதற்கப்புறம் மழை நன்றாகப் பெய்தும் எண் ஏறவில்லை, "மெஷினுக்கு வயசாகுதுல்ல" என்று பேசிக்கொண்டோம். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் பேனலைத் துடைத்து, மங்கிய எழுத்துகளுக்கு மேல் புதிதாக வெள்ளை அடிப்பது எங்கள் வழக்கம். நாலு வருஷம் அந்தத் தப்பான அறுநூறை நானே, நாக்கைக் கடித்துக்கொண்டு, பிசிறு இல்லாமல் அழகாக எழுதினேன்.

எண்பதுகளின் நடுவில், கடற்கரையில் அணு நிலையம் ஓட ஆரம்பித்திருந்த சமயம், தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் வந்தார். இன்னும் முப்பது வயதுகூட ஆகாத என்ஜினீயர். பவர் கட் காலம், எந்த நிலையம் எவ்வளவு எடுக்கிறது, எதை வைத்துக்கொள்வது, எதை மூடுவது என்று கணக்கெடுக்கிறார்கள். ஒரு பெரிய சார்ட் பேப்பரை மேஜையில் விரித்தார். நிலக்கரிக்குக் கறுப்புப் பட்டை, அணுவுக்குச் சிவப்பு, பெரிய அணைகளுக்கு நீலம். கறுப்புப் பட்டை மேஜை விளிம்பைத் தாண்டித் தொங்கியது.

"நம்மளது எதுங்க?" என்று சின்னச்சாமி குனிந்து தேடினான்.

அவர் பென்சில் முனையால் ஒரு கோட்டைக் காட்டினார். அதற்கு நிறம் தீட்ட இடமில்லை. "உங்க ஒரு வருஷ உற்பத்தி, அங்க ஒரு மெஷினுக்கு அரை நாள்."

அருளப்பன் சார் குல்லாயைச் சரிசெய்துகொண்டார். "ட்ரூ மேடம். ஆனா அந்தக் கறுப்பு மெஷின் ஸ்டார்ட் ஆகறதுக்கே வெளிய இருந்து கரண்ட் வேணும். நாங்க வால்வைக் கையால திருப்பினாப் போதும். போன வருஷம் லைன் மொத்தமும் போனப்போ மேல ஆஸ்பத்திரிக்கு லைட் கொடுத்தது இந்தப் பென்சில் கோடுதான்."

மேடம் சிரித்தார். நல்ல பெண்தான், ஆனால் விடவில்லை. "சின்னதா இருக்கறது தப்பில்ல சார். குடிக்கிற தண்ணிக்கு வேலை செய்யணும். உங்க தண்ணிப் பதிவேட்டையும் யூனிட்டையும் ஒப்பிட்டுப் பாத்தேன். ஒரு யூனிட்டுக்கு ஆக வேண்டிய தண்ணி மாதிரி ரெண்டு மடங்கு ஆகுது. ஒண்ணு சக்கரம் தேஞ்சுபோச்சு, அப்படின்னா மூடிட வேண்டியதுதான். இல்லேன்னா வாட்சர் தண்ணி அளவ வீட்டுல உக்காந்து எழுதுறார்."

வாட்சர் என்றால் ராமையா. சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். ஃபோர்பே பக்கத்துத் தகரக் கொட்டகையில் மனைவியோடு இருந்து, கேஜ் பலகையில் தண்ணீர் மட்டம் பார்த்து எழுதுவார். தினக்கூலி வேலை. அவரை நிரந்தரமாக்கும் ஃபைல் எட்டு வருஷம் ஊர்ந்து அப்போதுதான் கையெழுத்துக்கு வந்திருந்தது.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நிலையம் மூடக் கூடாது என்ற பதற்றம், சக்கரத்தின்மேல் பழி வரக் கூடாது என்ற அவசரம். "மழை நாள்ல அந்த ஆளு கேஜ் கிட்டப் போறாரா இல்லையான்னு யாருக்குங்க தெரியும்?" என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அருளப்பன் சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். "பாத்ததா, நெனச்சதா?"

அதற்குள் மேடம் எழுதிக்கொண்டார். ஒரு மாதத்தில் காரணம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நிலையத்தை மூடச் சிபாரிசு. ராமையாவின் ஃபைல் அதுவரை நிறுத்தம்.

சார் முதலில் சக்கரங்களைத் திறந்தார். ஒன்று ஓட, மற்றதை நிறுத்தி, மூடியைத் தூக்கி, கிண்ணம் கிண்ணமாக விரலால் தடவிப் பார்த்தார். அச்சுப் பலகை வைத்து ஒவ்வொன்றின் விளிம்பையும் அளந்தோம். தேய்மானம் பேருக்குத்தான் இருந்தது. "சக்கரம் ஃபைன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சக்கரம் நன்றாக இருந்தால், மிச்சம் ராமையாதான்.

"நீதான சொன்னே. நீயே போய் ஒரு வாரம் கூட இருந்து பாரு" என்று என்னையே அனுப்பினார்.

வெள்ளனே கிளம்பி, காப்பித் தோட்டத்து வழியாக ஒரு மணி நேர ஏற்றம். நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேரும்போது ராமையா இடுப்பளவு தண்ணீரில் நின்று, குழாய் வாயின் கம்பிச் சல்லடையில் அடைத்த இலைகளை வாரிக்கொண்டிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

"வாங்க. இந்த வாரம் பூரா பெரட்டுக்கு நீங்களா?" என்றார். தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணுவதைப் பெரட்டு என்பார்கள், அந்தப் பேச்சு அவரை விடவில்லை. நான் ஏன் வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் பிளேன் டீ போட்டுக் கொடுத்தார்.

கேஜ் பலகையை நான் நின்றபடி பார்த்து ஒரு அளவு சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "அப்படி நின்னு பாத்தா தப்பாத் தெரியும். குந்துங்க. கண்ணு தண்ணியோட ஒண்ணா வரணும்." ஈரக் கல்லில் குந்தினேன். அளவு மாறியது. யாரும் அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததில்லை. ஏழு நாளும் மழை, ஏழு நாளும் அந்த மனிதர் ஒரு நாளைக்கு நாலு தடவை குந்தினார். இறங்கி வந்து, "அளவு சரிங்க சார், பாத்தது" என்றேன்.

சக்கரம் சரி, தண்ணீர் சரி, யூனிட் மட்டும் பாதி. மாதத்தில் பத்து நாள்தான் மிச்சம். அதற்குள் ஆயுத பூஜை வந்தது.

ஸ்பேனர், சுத்தியல், ஸ்குரு டிரைவர் எல்லாவற்றையும் கழுவி வாழையிலையில் வரிசையாக அடுக்கினோம். சின்னச்சாமி என் மேஜையிலிருந்த பித்தளைத் தகட்டையும் புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்து வைத்தான். "ஒன் மெடலுக்கும் பொட்டு வையி." மோதிர விரலில் சந்தனத்தைத் தொட்டுத் தகட்டின்மேல் வைக்கக் குனிந்தேன். பளபளவென்று எழுத்து கண்ணில் பட்டது. 100/5, நூறு ஆம்பியரை ஐந்தாகச் சுருக்குவது.

நான் மாட்டிய புது சி.டி. 200/5. பேனலை நிமிர்ந்து பார்த்தேன். பெயிண்ட் டப்பாவும் பிரஷும் பக்கத்தில் எனக்காகக் காத்திருந்தன. × 600.

அப்படியே தரையில் உட்கார்ந்தேன். சின்னச்சாமியிடம் காதோடு சொன்னேன். அவனுக்கு அரை நிமிஷத்தில் புரிந்தது, ஒரு நிமிஷத்தில் தீர்வும் வைத்திருந்தான்.

"ஏலே, வாயத் தொறக்காத. இன்னிக்கு எப்படியும் பெயிண்ட் அடிக்கத்தான போற? ஆயிரத்தி எரநூறுன்னு அடி. இந்த மாசத்துலருந்து யூனிட்டு ஏறிரும். மழை நல்லாப் பேஞ்சுருச்சுன்னு எழுதிக்கலாம். பிளாண்டும் தப்பிச்சுரும், நீயும் தப்பிச்சுருவ. அடுத்த ஃபோர்மேன் நீதான, ஞாபகம் இருக்கா?"

அருளப்பன் சார் ஓய்வு பெற ஒன்றரை வருஷம்தான் இருந்தது. வரிசையில் அடுத்த பெயர் என்னுடையது. மெமோ வாங்கினால் அந்தப் பெயர் கீழே போய்விடும். பொய் சொல்ல மாட்டேன், அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. பிரஷைக்கூட எடுத்தேன். ஆனால் மழை பெய்ததென்று எழுதி நிலையம் பிழைத்தால், ராமையா எழுதிய போன நாலு வருஷத் தண்ணீர் அளவு பொய்யாகத்தானே நிற்கும்? நீலம் பாரித்த அந்த உதடு கண்ணுக்குள்ளேயே நின்றது. பிரஷைக் கீழே வைத்தேன்.

சார் பூஜைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி ஓரமாக நிற்பார், வருஷா வருஷம். கற்பூரம் காட்டி முடியும்வரை காத்திருந்து, பொரிகடலையை அவர் கையில் கொடுத்தபடியே சொல்லிவிட்டேன். அவர் பொரியை மென்று விழுங்கினார். பேனலுக்குப் போய் சி.டி. பெட்டியைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார்.

"பெயிண்ட் அடிக்காதே. அந்த எடத்த எம்ப்டியா விடு" என்றார்.

மறுநாள் காலையில் சோதனை. ஒரு மெஷினை ஒரே நிலையில் ஓட விட்டோம். மீட்டருக்குள் சுற்றும் அலுமினியத் தட்டின் ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி உண்டு. அது எதிரே வரும்போதெல்லாம் சார் எண்ணினார், நான் ஸ்டாப் வாட்ச் பிடித்தேன், சின்னச்சாமி ஆம்மீட்டரையும் வோல்ட் மீட்டரையும் படித்துச் சொன்னான், சார் எண்ணுவதை நிறுத்தாமலே தலையசைத்தார். மூன்று தடவை. பிறகு மெஷினை மாற்றி மூன்று தடவை. ஆறு தாளையும் என்னைத் தனியாக, சின்னச்சாமியைத் தனியாகக் கணக்குப் போடச் சொன்னார். அறுநூறால் பெருக்கினால் எல்லாம் சரிபாதி. ஆயிரத்து இருநூறால் பெருக்கினால் மீட்டரும் தண்ணீரும் சக்கரமும் ஒன்றோடொன்று ஒத்துப்போயின.

கடிதத்தை அவரே ஆங்கிலத்தில் எழுதினார். தண்டபாணி என்று என் பெயர் இருந்தது. அதற்கு மேலே, முதல் வரியிலேயே அவர் பெயர் இருந்தது. லீவு முடிந்து வந்து, மாற்றிய வேலையைத் தான் சரிபார்க்கவில்லை என்று.

"சார், உங்களுக்கு ரிட்டையர்மென்ட் வருது. இது எதுக்குங்க?"

"நாலு வருஷமா மாசா மாசம் ஷீட்ல கையெழுத்துப் போட்டது யாரு? நானும் நெனச்சுத்தான் போட்டிருக்கேன், பாத்துப் போடல."

கடிதம் போன அன்றே நான் ஃபோர்பேக்கு ஏறினேன். மேடத்திடம் அவரைப் பற்றி நான் சொன்னதையும் சொன்னேன், தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ராமையா தண்ணீரைக் காட்டிக் கேட்டார்.

"அப்ப அந்தத் தண்ணி ஒண்ணும் வீணாப் போகல, அப்படித்தானே?"

"ஒரு சொட்டுகூடப் போகலைங்க. எல்லாம் கரண்டாத்தான் போயிருக்கு. நான்தான் பாதிய எழுதல."

"அது போதும். நாலு வருசமா இந்தக் குளிர்ல எறங்கினது சும்மாவோன்னு இருந்துச்சு" என்றார். அப்புறம், "டீ குடிக்கிறதா?" என்று கேட்டு உள்ளே போனார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, அவர் திரும்பி வருவதற்குள் துடைத்துக்கொண்டேன்.

மேடம் மறுபடி வந்தார். நேராக ஃபோர்பேக்கு ஏறினார். ராமையாவிடம் கேட்டு, குந்தி, ஒரு தடவை கேஜ் பார்த்தார். பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் "சரி" என்று கையெழுத்துப் போட்டார். சார்ட்டில் எங்கள் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு இழுத்து, "இப்ப முழு ஒரு நாள் சார்" என்று சிரித்தார். நிலையம் மூடப்படவில்லை, இன்றும் ஓடுகிறது. அடுத்த வருஷம் ராமையா நிரந்தரமானார். எனக்கு மெமோவும் ஒரு இன்கிரிமென்ட் நிறுத்தமும் கிடைத்தன. ஃபோர்மேன் நாற்காலியில் வேறொருவர் வந்து உட்கார்ந்தார், அது என்னிடம் வர நாலு வருஷம் தள்ளிப்போனது. தப்பு நாலு வருஷம், தண்டனையும் நாலு வருஷம். எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. நிம்மதியாகத் தூங்கினேன், நன்றாகச் சாப்பிட்டேன், பென்ஷன் வாங்குகிறேன்.

இதுவரை எழுதியதைத் தம்பிக்கு அனுப்பினேன். நேற்று கூப்பிட்டார்.

"ஐயா, அப்ப அந்த நாலு வருஷத்தையும் ரெண்டால பெருக்கி ஏத்திடவாங்க? கிராஃப் நேராயிரும். எறக்கமே தெரியாது."

"பெருக்குங்க. ஆனா பக்கத்துல குறிப்பு எழுத எடம் இருக்கா?"

"இருக்குங்க."

"தப்பு, தண்டபாணின்னு போடுங்க."

அவர் சங்கடமாகச் சிரித்தார். நான் கேட்டேன்: "தம்பி, அங்க தண்ணிப் பதிவேடும் இருக்குமே?"

"இருக்குங்கய்யா, ராமையான்னு கையெழுத்து. கறையான் கொஞ்சம் அரிச்சிருக்கு. அதை ஏத்தச் சொல்லி யாரும் கேக்கலைங்களே."

"நான் கேக்குறேன். வெரசா ஏத்திருங்க. அதுல எதையும் ரெண்டால பெருக்க வேண்டியதில்ல, அப்படியே ஏத்தலாம்."